நசுங்காத எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான்கு சக்கரங்களுக்கு முன்னால் நான்கு பழங்கள். ஆயுதபூஜை முடிந்ததும் வண்டி அவற்றின் மேல் ஏறி, நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். சைக்கிளிலிருந்து ஜேசிபி வரை ஸ்ரீரங்கத்தில் அன்று காலை எல்லா வண்டிகளும் அந்தக் கடமையை முடித்துவிட்டன. பராசரனின் லாரி மட்டும் நெற்றியில் சந்தனம், மூக்கில் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று என்று மாப்பிள்ளைக் கோலத்தில் கொல்லைப்புறத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

பாதித் தெரு அங்கே கூடியிருந்தது. ஆளுக்கொரு கையில் சுண்டல், மறுகையில் செல்போன்.

"ஹேண்டில் எங்கே?" என்றார் பராசரன்.

சுண்டல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

சாவியைத் திருகினால் கிளம்புகிற வண்டி இல்லை அது. ஐம்பதுகளில் துறையூர்ப் பக்கம் கடலை மூட்டை ஏற்றிய, மூக்கு நீண்ட பெட்ரோல் லாரி. மூக்குக்கு அடியில் ஒரு துவாரம் இருக்கும். வளைந்த இரும்பு ஹேண்டிலை அதில் சொருகி ஓர் ஆள் உயிரைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அப்படித்தான் சுற்றினார்கள், கிளம்பியது. பராசரன் ஹேண்டிலைத் துடைத்துக் கிணற்றடி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனார். இப்போது ஆணி இருந்தது.

"குரங்காத்தான் இருக்கும்" என்றார் பராசரன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நாலு வருஷமாக அந்த லாரி முடியப்போகும் சமயமெல்லாம் ஏதாவது ஒரு சாமான் காணாமல் போய்விடும். ஒரு தடவை ரேடியேட்டர் மூடி. இன்னொரு தடவை கார்புரேட்டர். ஸ்ரீரங்கத்துக் குரங்குகளுக்கு மோட்டார் அறிவு அதிகம் என்பது பராசரனின் முடிவு. ஆனால் பெருமாளும் கைவிட்டதில்லை. காணாமல் போன ஒரே வாரத்தில் பாலக்கரைப் பக்கம் அப்ராரின் பழைய இரும்புக்கடையில் அதே சாமான், அச்சு அசலாக, கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த கார்புரேட்டரில் பராசரன் தம் கையால் கீறுகிற டிக் அடையாளம்கூட இருந்தது. "அந்தக் காலத்து வெள்ளைக்காரனும் என்னை மாதிரியேதான் டிக் போட்டிருக்கான்" என்று வீட்டுக்கு வந்து நெகிழ்ந்தார்.

"அப்பா, குரங்கு இல்லை" என்றாள் ஜாஹ்னவி. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள், காலையிலிருந்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "ஹேண்டில் உள்ளே இருக்கு. ஹயக்ரீவர் படத்துக்கு முன்னாடி."

பராசரன் உள்ளே ஓடினார். பூஜையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அடுக்கின் மேல் பட்டுத்துணி. பட்டுத்துணியின் மேல், சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு முழம் மல்லிகையுடன், ஹேண்டில்.

பக்கத்தில் அவர் மனைவி சத்யபாமா கைகூப்பி நின்றிருந்தாள்.

"பாமா, இதை யார் இங்கே வெச்சா?"

"நான்தான். ஆயுதம்தானே அது? ஆயுதபூஜையில ஆயுதத்தை வைக்காம அருவாமணையை மட்டும் வெச்சா நன்னாவா இருக்கும்?"

"சரி, எடுத்துக்கறேன்."

"ஏன்னா, என்ன பேசறேள்? பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்கு விஜயதசமி, புனர்பூஜை ஆனப்பறம்தான். ஜாஹ்னவி சின்ன வயசுல பரீட்சைக்குப் படிக்கப் புஸ்தகம் எடுத்தப்போ நீங்கதானே திட்டினேள்?"

திட்டியது உண்மை. மறுநாள் கணக்குப் பரீட்சை என்று குழந்தை அழுதும் அவர் இரங்கவில்லை. பராசரன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். விதி என்றால் விதி. வாழ்நாள் முழுவதும் அவர் அப்படித்தான்.

வாழ்நாளில் பெரும்பகுதி கைலாசபுரம் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளராகக் கழிந்தது. எதிரே வரும் இரும்பையெல்லாம் அளந்து பார்த்து "ரிஜெக்ட்" என்று சொல்வது உத்தியோகம். ரிட்டையராகி ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்த மறுநாள், எதிரே இரும்பு இல்லை, தோசை இருந்தது. வெர்னியர் காலிப்பரால் அதன் கனத்தை அளந்தார். ஓரம் மெலிவு, நடு தடிப்பு, ரிஜெக்ட். குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறித்தார். சாத்தமுது என்கிற ரசத்தில் மேல்பகுதி, நடுப்பகுதி, அடிப்பகுதி என்று தனித்தனியாக சாம்பிள் எடுத்தார். மிக்ஸி மீது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். மூன்று மாதம் சத்யபாமா ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் அவளைப் பார்த்தவர்கள், மாமி இளைத்துவிட்டாள் என்றார்கள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவருக்கு வந்த காபி டம்ளர் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் உட்கார்ந்திருந்தது. டம்ளரை எடுத்தார். அதன் ஈர வட்டம் ஒரு சின்ன விளம்பரத்தைச் சரியாக வளைத்திருந்தது. 'பழைய லாரி. ஓடாது. பிச்சை, துறையூர்.' பெருமாளே வட்டம் போட்டுக் காட்டினார் என்று பராசரன் இன்றைக்கும் சொல்வார்.

லாரி துண்டு துண்டாக டிராக்டரில் வந்து கொல்லையில் இறங்கியது. நாலு வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக, தினம் ஒரு நட்டு, தினம் ஒரு போல்ட்டு. சாப்பிட மட்டும் வீட்டுக்குள் வருவார். "இந்தத் தகரத்தைக் கட்டிண்டு அழுங்கோ" என்று சத்யபாமா தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். மாமி மறுபடி சதை போட்டுவிட்டாள் என்பதையும் தெரு கவனித்தது.

பக்கத்து வீட்டு ஜகன்னாத் மட்டும் லாரியை ஒருநாளும் மன்னிக்கவில்லை. புகை அவர் சாப்பாட்டு அறைக்குள் போகிறது என்பது அவர் குறை. அவர்தான் தெரு நலச்சங்கச் செயலாளரும். சங்கக் கூட்டத்தில் ஒரு முடிவு வந்தது. ஆயுதபூஜையன்று சூரியன் மறைவதற்குள் லாரி தன் சொந்த எஞ்சினில் பின்வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அன்றைக்கே துறையூருக்குப் போய், அதை விற்ற பிச்சையின் தென்னந்தோப்பில் கௌரவமாக நின்றுகொள்ளலாம். தாண்டாவிட்டால் அப்ரார் வந்து காஸ் கட்டரால் வெட்டி எடுத்துப் போய்விடுவார். பராசரன் எழுந்து நின்று, எல்லார் எதிரிலும், சம்மதம் என்றார்.

அந்த ஆயுதபூஜை இன்றுதான். நாலு வருஷத்து லாரி, ஒரே ஒரு ஹேண்டில், அது ஹயக்ரீவர் வசம்.

"என்ன சார்," என்றார் ஜகன்னாத் சுண்டல் பொட்டலத்தை மடித்தபடி, "அப்ராருக்கு போன் பண்ணிடலாமா?"

"சூரியன் எங்கே இருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்கோ" என்றார் பராசரன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சத்யபாமாவின் குரல் தணிந்து வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்ரார் பாய், எங்க இருக்கேள்? … இன்னும் கிளம்பவே இல்லையா? … இன்னிக்கு வந்தே ஆகணும், சொல்லிட்டேன்."

பராசரன் அதிர்ந்தார். சங்கம்கூட இன்னும் கூப்பிடவில்லை. கட்டினவள் கூப்பிட்டுவிட்டாள்.

"பாத்தியா?" என்றார் மகளிடம். "உயிர் போகறதுக்கு முன்னாடியே வெட்டறதுக்கு ஆள் சொல்லியாச்சு."

"அப்பா, அது லாரி."

"லாரிக்கு உயிர் இல்லேன்னு யார் சொன்னா?"

துறையூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்த பிச்சை இதுவரை வாய் திறக்கவில்லை. லாரியைத் தாமே திருப்பி ஓட்டிப் போவதற்காகப் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். இப்போது முன்னால் வந்தார்.

"ஐயா, ஹேண்டிலுதான் வேணும்னு இல்லைங்க. முனை வளைஞ்ச கம்பி எதுன்னாலும் போதும். எங்கப்பா கிணத்து வாளிக் கொக்கியப் போட்டே சுத்துவாரு."

பராசரன் வீடு முழுக்கத் தேடினார். முனை வளைந்த, கனமான, சரியான விட்டமுள்ள கம்பி அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கூடத்து ஊஞ்சலை நாலு கம்பிகள் தாங்கின. அதில் ஒன்றை அவர் கழற்றினார்.

"ஏன்னா, ஊஞ்சலைத் தொடாதீங்கோ."

"மூணு தாங்கும் பாமா. நான் கணக்குப் பண்ணிட்டேன்."

கம்பியை அளந்தார். ஒரு மில்லிமீட்டர் குறைவு. சாதாரண நாளாக இருந்தால் ரிஜெக்ட். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு "பாஸ்" என்றார். தொழிற்சாலையில் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

பிச்சை கம்பியைச் சொருகினார். மூச்சை இழுத்துச் சுற்றினார். எஞ்சின் ஒரு தடவை இருமியது. கூட்டம் கைதட்டியது. எஞ்சின் இரண்டாவது தடவை இருமி, கம்பியைத் துப்பியது.

அந்த ஒரு மில்லிமீட்டர். கம்பி பிச்சையின் புதுச் சட்டையை உரசிக்கொண்டு மேலே போனது. கறிவேப்பிலை மரத்தில் ஒரு கிளையை முறித்தது. திரும்பி இறங்கி, கிணற்றுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

எல்லாரும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். கிணறும் அவர்களைப் பார்த்தது.

"ஆழமா?" என்றார் பிச்சை.

"ரொம்ப."

"சரிங்க. தள்ளிடுவோம்."

தள்ளிக் கிளப்புவது சுலபம் என்றார் பிச்சை. பத்து ஆள் பின்னாலிருந்து தள்ளினால் வண்டி ஓடும். ஓடும்போது கியரில் விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பராசரன் ஸ்டியரிங்கில் ஏறினார். பிச்சை படியில் தொற்றிக்கொண்டார். தெருவின் வலுவான ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"கட்டையை எடுங்க" என்றார் பிச்சை.

பின் சக்கரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை இரண்டு பேர் உருவினார்கள். அந்தக் கொல்லை வாசல் பக்கம் உயர்ந்து வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது. நாலு வருஷமாக எல்லாருக்கும் அது தெரியும். மழை பெய்தால் தண்ணீர் சமையலறைப் பக்கம்தான் வரும். ஆனால் கட்டையை உருவும் நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

லாரி முன்னால் போகவில்லை. பின்னால் வந்தது. தள்ள நின்றவர்கள், தாங்கள் தள்ள வேண்டிய பொருள் தங்களைத் தள்ள வருவதைக் கண்டு, வாழ்நாளில் காட்டாத வேகத்தைக் காட்டினார்கள். ஒருவர் கறிவேப்பிலை மரத்தில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"பிரேக்" என்றாள் ஜாஹ்னவி, வீடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பராசரன் பிரேக்கை மிதித்தார். பிரேக் பிடித்தது. தரமான பிரேக். ஆனால் அது பிடித்தது, லாரியின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் குழாயை முறித்ததற்கு அப்புறம்.

அன்றைக்குப் பண்டிகை என்று தொட்டியை முழுக்க நிரப்பி வைத்திருந்தாள் சத்யபாமா. அத்தனையும் கொல்லையில் இறங்கியது. மண் குழைந்தது. பின் சக்கரங்கள் சோற்றில் அழுத்திய விரல்போல உள்ளே போயின. நான்கு எலுமிச்சம்பழங்களும் மிதந்து, வரிசையாக, லாரியைக் கடந்து போயின. வாசல் பக்கம் மேடாயிற்றே என்று யாராவது கேட்கலாம். சமையலறைப் பக்கத்திலிருந்து வாசல்வரை ஆழமாக வெட்டிய ஒரு சாக்கடைக் கால்வாய் உண்டு. பழங்களுக்கு அந்த வழி தெரிந்திருந்தது. லாரி தாண்ட முடியாத வாசலை அவை தாண்டி, பின்சந்தின் முனையில் ஒதுங்கின.

"எலுமிச்சம்பழம் போயிடுத்து" என்றாள் ஜாஹ்னவி. "சொந்த எஞ்சின்ல இல்லை."

சத்யபாமா கொல்லைக் கதவருகே வந்து பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அப்ரார் பாய், எங்க? … பாலத்துல ட்ராஃபிக்கா? பாலத்துக்கு இந்தண்டையா, அந்தண்டையா?"

பராசரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஜகன்னாத் ஒரு காரியம் செய்தார். மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு விளக்கம் கிடையாது. அவருக்கு லாரி போக வேண்டும். எப்படிப் போனாலும் சரி. ஆனால் முழங்கால் சேற்றில் நிற்கும் லாரியில் ஒரு மனிதர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது.

"சார், என் வண்டியில கட்டி இழுத்துடலாம்" என்றார்.

கூட்டம் திகைத்தது. அவர் மனைவி மாதுரி இன்னும் அதிகமாகத் திகைத்தாள். "ஏன்னா, புதுக் கார். இன்னிக்குத்தான் மாலையே போட்டிருக்கு."

"புது வண்டிக்கு பவர் ஜாஸ்தி, மாதுரி."

கார் பின்சந்தில் நின்றது. லாரியின் மூக்கிலிருந்து ஒரு தடித்த கயிறு காருக்குப் போனது. கயிறு கட்ட காருக்குக் கீழே தனியாக ஒரு கொக்கி உண்டு என்றார் பிச்சை. புதுக் காரைக் குனிந்து பார்த்தால் மரியாதைக் குறைவு என்று ஜகன்னாத் நினைத்தாரோ என்னவோ, "எல்லாம் ஸ்ட்ராங்குதான், பம்பர்லயே கட்டுங்க" என்றார்.

ஜகன்னாத் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். கார் சீறிக்கொண்டு சந்தின் முனைவரை போனது. வெற்றி ஹாரன்கூட அடித்தார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். லாரி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மூக்கிலிருந்து போன கயிற்றின் மறுநுனியில் அவருடைய பம்பர், நம்பர் பலகையுடன், மாலையுடன், சேற்றில் படுத்திருந்தது.

அவர் காரை விட்டு இறங்கினார். நடந்து வந்தார். பம்பரைப் பார்த்தார். நேராகப் பராசரனின் வீட்டுக்குள் போய், கூடத்தில், கொஞ்சம் உட்காரலாம் என்று ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது.

"மூணு தாங்கலை போலருக்கு அப்பா" என்றாள் ஜாஹ்னவி.

மாதுரி உள்ளே ஓடினாள். "ஏன்னா, எழுந்துக்கோங்கோ. எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும்" என்றது ஜகன்னாத்தின் குரல், தரை மட்டத்திலிருந்து. "இனிமே பாக்க என்ன இருக்கு."

வெயில் மதில் மேலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. பராசரன் லாரியை விட்டு இறங்கி மனைவியைத் தேடிப் போனார். அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் நிலைப்படியில் நின்றார். தோற்றுப்போன குரலில் பேசினார்.

"பாமா, எப்படியும் இன்னியோட முடிஞ்சுது. ஓடினா துறையூர், ஓடலேன்னா அப்ரார். நாளையிலேர்ந்து கொல்லை காலி."

"ம்."

"எனக்கு வேறே வேலை என்ன இருக்கு? ஆத்துக்குள்ளேயேதான் இருப்பேன். இந்தத் தளிகையுள்ளை நாலு வருஷமா நான் கவனிக்கவே இல்லை. பாரு, அந்தப் பருப்பு டப்பா லேபிள் எங்கேயோ பாத்துண்டிருக்கு. நாளைக் கார்த்தாலயே ஆரம்பிச்சுடறேன்."

சத்யபாமாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அதுக்கென்ன இப்போ அவசரம்" என்றாள். பிறகு ஒரு பெரிய டம்ளர் நிறையக் காபியை அவர் கையில் கொடுத்தாள். "இதைக் குடிச்சுட்டு இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணுங்கோ. மெதுவாவே பண்ணுங்கோ. அவசரமே இல்லை."

பராசரன் நெகிழ்ந்தார். நாலு வருஷத்தில் அவள் லாரியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

வெளியே பிச்சை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, இவ்ளோ பெரிய தேரை வருஷா வருஷம் இழுக்குறீங்க. இந்த ஒரு லாரியை இழுக்க முடியாதா?"

காலையிலிருந்து இது யாருக்கும் தோன்றவில்லை. ஸ்ரீரங்கத்தில் வடம் பிடிக்காத கை கிடையாது. சக்கரத்துக்கு எங்கே கட்டை கொடுப்பது, எந்த நேரத்தில் நெம்புவது, கயிற்றில் எவர் முன்னால் எவர் பின்னால், எல்லாம் ரத்தத்தில் ஊறியது. லாரி என்று நினைத்ததால்தான் இத்தனை குழப்பம். தேர் என்று நினைத்திருந்தால் எப்போதோ போயிருக்கும்.

காரியங்கள் வேகமாக நடந்தன. பம்பரை அவிழ்த்து மரியாதையாகச் சுவரோரம் சாய்த்தார்கள். காரைத் தெருப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கயிறு சந்தின் முனைவரை நீண்டது. சேற்றுச் சக்கரங்களுக்கு அடியில் தென்னை மட்டை போட்டார்கள். இரண்டு பேர் கடப்பாரையால் பின் சக்கரத்தை நெம்பத் தயாராக நின்றார்கள். கறிவேப்பிலை மரத்தில் இருந்தவரும் இறங்கி வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜகன்னாத்தும் வந்து கயிற்றைப் பிடித்தார்.

"நீங்களுமா சார்?" என்றார் பராசரன்.

"இது போயாகணும். இதைப் பாத்துண்டு இனிமே என்னால இருக்க முடியாது."

பராசரன் மறுபடி ஸ்டியரிங்கில் ஏறினார். 'ரங்கா, ரங்கா' என்று குரல் எழுந்தது. கயிறு இறுகியது. சேறு ஒரு பெரிய முத்தம்போல சத்தமிட்டு சக்கரங்களை விட்டது. லாரி ஏறியது. பிச்சை படியிலிருந்து "இப்ப விடுங்க" என்றார். பராசரன் கிளட்சை விட்டார்.

லாரி இருமியது. குலுங்கியது. பிறகு அது பேசியது. ஐம்பதுகளின் தொண்டையைத் திறந்து ஒரே முழக்கமாகப் பேசியது. கரும்புகை எழுந்து, வழக்கம்போல, ஜகன்னாத்தின் சாப்பாட்டு அறையைப் பார்த்துப் போனது.

கயிறு பிடித்தவர்கள் சிதறினார்கள். லாரி பின்வாசலை நோக்கி சொந்த எஞ்சினில் போனது.

வாசலுக்கு மேலே ஒரு வளைவு உண்டு. அதில் 'லக்ஷ்மி நிவாஸ்' என்று சிமெண்டு எழுத்து. லாரி அதற்கு அடியில் நுழையும் என்பதைப் பராசரன் முன்பே அளந்து உறுதி செய்திருந்தார். அளந்த நாளில் லாரிக்குச் சக்கரம் இல்லை. அரைச் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. டயர் வந்த பிறகு மறுபடி அளக்கவில்லை.

லாரி வாசலைத் தாண்டியது. வளைவும் கூடவே தாண்டியது. புழுதி அடங்கியபோது லாரி பின்சந்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. தலையில் 'லக்ஷ்மி' இருந்தது. 'நிவாஸ்' கீழே கிடந்தது.

சூரியன் இன்னும் மறையவில்லை.

பார்த்ததைத் தெருவால் நம்ப முடியவில்லை. பிறகு கைதட்டல். பராசரன் இறங்க, பிச்சை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் ஏறினார். லாரியின் பக்கவாட்டை ஒரு தடவை தடவினார்.

"தோப்புல பத்திரமா வெச்சுக்குறேனுங்க. எப்ப வேணா வந்து பாருங்க."

லாரி மெதுவாகச் சந்தின் மறுமுனை திரும்பி, தலையில் லக்ஷ்மியுடன் துறையூரைப் பார்த்துப் போனது. அதன் சத்தம் வெகுதூரம் வரை கேட்டது. பராசரன் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய தகப்பன்போல நின்றார். உண்மையான பெண் பக்கத்தில் நின்று அதையும் வீடியோ எடுத்தாள்.

சத்யபாமா உடைந்த வாசலில் நின்று, காலியான கொல்லையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். நாலு வருஷமாகத் திட்டினாலும் உள்ளுக்குள் எவ்வளவு பாசம் என்று மாதுரி நினைத்துக்கொண்டாள்.

"அழாதே பாமா" என்றார் பராசரன். "ஜெயிச்சாச்சு. இனிமே நான் முழுக்க முழுக்க ஆத்துலதான்."

அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

அப்போது சந்தின் முனையில் ஹாரன் ஒலித்தது. நீளமான டிரெய்லர் வண்டி ஒன்று, பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒரு மலையை ஏற்றிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தது. அதன் சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின.

வண்டியிலிருந்து அப்ரார் இறங்கினார். வியர்வையில் நனைந்திருந்தார்.

பராசரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடுச்சந்தில் போய் நின்றார். இந்த நிமிஷத்துக்காகத்தான் அன்றைய நாள் முழுவதும் அவர் அவமானப்பட்டிருந்தார்.

"அப்ரார், வந்த வழியே திரும்பிப் போ. லாரி ஓடிடுத்து. சொந்த எஞ்சின்ல, சூரியன் இருக்கறச்சேயே. இங்கே உனக்கு எடுத்துண்டு போக ஒரு துரும்பு இரும்பு கிடையாது. இவ பேச்சைக் கேட்டு வந்தே பாரு, உன்னைச் சொல்லணும்."

அப்ரார் அவரைப் பார்த்தார். உடைந்த வாசலைப் பார்த்தார். உள்ளே காலியாகக் கிடந்த கொல்லையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. பராசரனைத் தாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சத்யபாமாவிடம் ஓடினார்.

"மன்னிச்சுக்கங்க மாமி, லாரி கிளம்புறதுக்குள்ள வந்துடணும், மாமா ஒரு பொழுதுகூட சும்மா இருக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க, பாலத்துல மாட்டிக்கிட்டேன், ஆனா நீங்க கேட்ட ரோடு ரோலரைக் கொண்டாந்துட்டேன், இது லாரி மாதிரி நாலே வருஷத்துல ஓடிடாது, அதுக்கு நான் கேரண்டி."